நந்திக்குப் பக்கத்தில் என் ட்ரோன் கிடக்கிறது

மேட்டூர் நீர்மட்டம் இன்றைக்கு எத்தனை அடி என்று காலையில் காபி குடிப்பதற்கு முன்னாலேயே பார்க்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம், குறுவை, சம்பா, அதற்கு அப்புறம் உளுந்து, எல்லாமே காவிரியை நம்பித்தான். முன்பெல்லாம் பேப்பரில் ஒரு மூலையில் கட்டம் கட்டிப் போடுவார்கள், நீர்மட்டம் இவ்வளவு, நீர்வரத்து இவ்வளவு கன அடி, வெளியேற்றம் இவ்வளவு என்று. இப்போது அதே கணக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது, ஊர் விவசாயிகள் குழு ஒன்றில் என்னையும் அப்பா சேர்த்துவிட்டிருக்கிறார். 2024 ஜூன் வரைக்கும் நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது அவருக்கு முன்னால் நான் பார்த்துவிடுகிறேன். அவர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார், நான் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். டெல்டாக்காரன் வீட்டுப் பிள்ளை மேட்டூர் வற்ற வேண்டும் என்று நினைப்பதை வெளியே சொன்னால் ஊரில் சோறு போடமாட்டார்கள்.

காரணம் என் ட்ரோன். மேட்டூர் நீர்த்தேக்கத்தில், பண்ணவாடி நந்தியிலிருந்து கொஞ்ச தூரத்தில், சேற்றுக்குள் எங்கேயோ கிடக்கிறது. அதன் மேல் இப்போது நிற்கிற தண்ணீரை நினைத்தால் தலை சுற்றுகிறது.

பண்ணவாடி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையை 1925-ல் கட்ட ஆரம்பித்து 1934-ல் முடித்தார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, முழு நீர்மட்டம் 120 அடி. இவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் ஏற்கெனவே அங்கே இருந்த ஊர்கள் எங்கே போகும்? மக்கள் மேட்டுக்குப் போனார்கள், வீடு, வயல், கிணறு, கோயில் எல்லாம் அடியில் போயின. அதில் பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஒன்று, ஒரு கிறிஸ்தவ ஆலயமும் உண்டு. அணையில் தண்ணீர் நன்றாகக் குறைகிற வருஷங்களில் முதலில் ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் தலை நீட்டும், இன்னும் குறைந்தால் கோயில் நந்தி வெளியே வரும். உடனே எல்லாப் பத்திரிகையிலும் நந்தி படம் வந்துவிடும். சேலம், தர்மபுரிப் பக்கத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் மட்டும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், நந்தி தெரிகிறது என்றால் குறுவை போச்சு என்று அர்த்தம்.

2024 கோடை அப்படிப்பட்ட கோடை. ஜூன் 12-ம் தேதி டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம், அந்த வருஷம் திறக்க முடியவில்லை. ஜூன் தொடக்கத்தில் நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே. நான் வேலை பார்ப்பது சேலத்தில், அங்கிருந்து கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பக்கம்தான், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நானும் ஒரு நண்பனும் பைக்கில் கிளம்பினோம். தரையிலிருந்து எடுத்த நந்தி படம் ஆயிரம் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. மேலேயிருந்து பார்த்தால் அந்தப் பழைய ஊரின் அமைப்பு தெரியுமா, தெரு எது, பாதை எது என்று ஏதாவது கோடு தெரியுமா என்பதுதான் என் ஆசை.

ட்ரோன் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. 249 கிராம், மடக்கினால் சட்டைப் பையில் கஷ்டப்பட்டு நுழையும். 2021 கடைசியில் சிங்கப்பூரில் இருக்கிற மாமா பையன் வாங்கி வந்து கொடுத்தான். அந்த 249-க்கு ஒரு கணக்கு இருக்கிறது: நம் ஊர் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரைக்கும் நானோ வகை, ஓட்டுவதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று இல்லை. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு மண்டலமா, மஞ்சளா, பச்சையா என்று பார்க்காமல் நான் பையையே திறப்பதில்லை. அணை, அனல்மின் நிலையம் இருக்கும் பக்கமெல்லாம் ட்ரோனை எடுத்துக்கொண்டு போவது வம்பை விலைக்கு வாங்குவது. பண்ணவாடி அணையை விட்டு நன்றாகத் தள்ளி மேலே இருக்கிறது.

போய் இறங்கியபோது ஏரி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. வெடித்த வண்டல், நடுவில் பச்சையாகச் சோளத் துண்டுகள், தண்ணீர் வடிய வடியப் பின்னாலேயே போய் விதைத்துவிடுகிறார்கள். பழைய காவிரி ஓடிய பள்ளத்தில் மட்டும் தண்ணீர். பரிசல் துறை தண்ணீரைத் தேடிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. நந்தி கழுத்தில் ஒரு வாடிய மாலை, காலடியில் கற்பூரம் எரித்த கறுப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் அது பெரிய உருவம், மேல்பூச்சு பல இடங்களில் உதிர்ந்திருக்கிறது, உதிர்ந்த இடத்தில் நத்தை ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் நண்டு வளை போல ஒரு ஓட்டை, அதிலிருந்து நான் பார்க்கும்போதே ஒரு ஓணான் எட்டிப் பார்த்தது. பல மாதம் மீன் குடியிருக்கிற இடத்தில் மீதி மாதம் ஓணான்.

தண்ணீருக்கு மேல் ட்ரோன் ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். இந்தச் சின்ன ட்ரோன்களுக்கு வயிற்றில் கீழ்நோக்கி ஒரு கேமரா இருக்கும், கூடவே தூரம் அளக்க அகச்சிவப்பு உணரி. தாழப் பறக்கும்போது தரையில் இருக்கிற கல், புல், கோடு இவற்றை வைத்துத்தான் அது தான் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. தண்ணீர் என்றால் அடையாளமே இல்லை, அல்லது அலை நகர்கிறது. அலை நகர்ந்தால் தான் நகர்வதாக அது நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடும். வெளிச்சம் பட்டுத் தகதகக்கிற தண்ணீரில் உயரக் கணக்கும் தப்பும், தரை இன்னும் கீழே இருக்கிறது என்று நம்பிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தானே போய்க் குளித்துவிடும். கடற்கரையில் அலைக்கு மேல் ஒரு அடியில் ஓட்டி அழகு பார்க்கிறவர்களுடைய ட்ரோன்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன. உயரத்தில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஜிபிஎஸ் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் 34 மீட்டரில் இருந்தேன். பேட்டரி பாதிக்கு மேல், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வேண்டிய அளவு, காற்று இலை அசைகிற அளவுகூட இல்லை. ஆகவே தொழில்நுட்ப ரீதியாக எல்லாம் சுபம்.

மேலே போனதும் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தரையில் நின்று பார்க்கும்போது வெறும் மண்மேடாகத் தெரிந்தது மேலேயிருந்து நேர்க்கோடாகத் தெரிந்தது. ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடு, இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் அகலமான வெளி. கோயிலிலிருந்து பள்ளத்தை நோக்கி ஒரு பாதை, ஆற்றுக்குப் போகிற பாதையாகத்தான் இருக்க வேண்டும், வேறு எதற்கு அந்தப் பக்கம் போவார்கள். ஒரு இடத்தில் மண் நிறம் மாறி வட்டமாக ஒரு தடம், கிணறு தூர்ந்துபோனால் அப்படித்தான் தெரியும் என்று நண்பன் சொன்னான், இருக்கலாம். அந்தப் பாதை தண்ணீருக்குள் எங்கே இறங்குகிறது என்று பார்க்க ட்ரோனைப் பள்ளத்தின் மேல் கொண்டுபோனேன்.

நண்பன்தான் முதலில் பார்த்தான். "டேய், கருடன்டா" என்றான். செம்பருந்து, தண்ணீர் வற்றிய இடத்தில் செத்த மீன் பொறுக்க நிறைய வரும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தேன். பறவை வந்தால் நேரே மேலே ஏற்று என்பதுதான் ட்ரோன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வது, அவை மேலேயிருந்து பாய்கிறவை, செங்குத்தாக ஏறுவதில் ட்ரோன் கொஞ்சம் முந்திக்கொள்ளும் என்று. ஏற்றினேன். நொடிக்கு ஐந்து மீட்டர், என்னுடையது அதிகபட்சம் ஏறுகிற வேகம் அவ்வளவுதான். செம்பருந்துக்கு அதெல்லாம் ஒரு வேகமே இல்லை. ஒரு சுற்றுப் போய், சூரியன் பக்கத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு வந்தது, காலை முன்னால் நீட்டியது நன்றாகத் தெரிந்தது, டக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நான்கு விசிறியில் ஒன்று போனாலும் இந்த வகை ட்ரோன் நிற்காது. இரண்டு வலம் சுற்றும், இரண்டு இடம் சுற்றும், ஒன்றின் முறுக்கத்தை இன்னொன்று சமன் செய்துகொண்டுதான் அது நேராக நிற்கிறது. ஒன்று உடைந்ததும் மீதி மூன்றும் சேர்ந்து அதைப் பம்பரமாகச் சுற்றிவிட்டன. ரிமோட் கத்த ஆரம்பித்தது. நான் குச்சியைப் பிடித்து என்னவோ செய்தேன், அதற்கெல்லாம் இனி அர்த்தமில்லை என்று கைக்குத் தெரியவில்லை. நான்கு நொடிகூட இருக்காது, தண்ணீரில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, திரையில் சாம்பல் நிறம், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற எழுத்து.

செம்பருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் பார்த்துக்கொண்டேன், நிஜமாகவே. ஒரு இறகு விழவில்லை. இரண்டு வட்டம் போட்டுவிட்டு மீன் பொறுக்கப் போய்விட்டது. அதன் வானத்தில் நான் போய்ச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றேன், அது தட்டிவிட்டது, வழக்கு அங்கேயே முடிந்தது.

அதற்குள் நந்தி பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார், "சாமி இடத்துக்கு மேல பறந்தா சும்மா வுடுமா, கருடன் வந்து தட்டிடுச்சு" என்று. பக்கத்தில் நின்ற பெரியவர், நெற்றியில் பட்டையாகத் திருநீறு, அதை விடுவதாக இல்லை. "ஏம்மா, இது சிவன் கோயிலு. நந்திக்குக் காவல் பாக்க பெருமாள் வாகனத்துக்கு என்னா வேலை?" என்றார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணிக்குள்ள போனவரு, ரெண்டு பேரும் பேசி வெச்சிருப்பாங்க" என்றார். நாற்பதாயிரம் ரூபாய் தண்ணீரில் போன அந்த நிமிஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

பரிசல்காரர் ஒருவர் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தானாகவே வந்தார். "வுழுந்ததைப் பாத்தேன் தம்பி. ஆழம் ஒண்ணும் அதிகமில்ல, ஒன்றரை ஆள் இருக்கும். வாங்க" என்றார். எனக்கு ஒரே உற்சாகம். செயலியில் கடைசியாக ட்ரோன் இருந்த இடம் பதிவாகியிருக்கும், அட்சரேகை தீர்க்கரேகையோடு. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரிசலில் உட்கார்ந்தேன். பரிசலில் போனவர்களுக்குத் தெரியும், அது நேராகப் போகிற வாகனமே இல்லை, ஒவ்வொரு துடுப்புக்கும் ஒரு அரைச் சுற்று. வரைபடத்தில் என் நீலப் புள்ளி ட்ரோனுடைய சிவப்புப் புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒட்டவேயில்லை. ஜிபிஎஸ் எப்படியும் சில மீட்டர் முன்பின் காட்டும், ட்ரோனுடையதும் அப்படித்தான், என் கைபேசியும் அப்படித்தான், இரண்டு பிழையும் சேர்ந்தால் ஒரு கல்யாண மண்டபத்தின் அளவுக்குத் தேட வேண்டிய இடம் விரிந்துவிடும். பரிசல்காரர் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தார். அப்புறம், "அந்தப் போனை உள்ள வைங்க" என்றார்.

அவர் செய்ததுதான் வித்தை. துடுப்பை ஊன்றி நிறுத்தி, நந்தியின் திமிலைப் பார்த்தார், அதற்குப் பின்னால் பாலமலையில் ஒரு பள்ளம் தெரிந்தது, இரண்டும் ஒரே கோட்டில் வருகிற வரைக்கும் பரிசலை நகர்த்தினார். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, கரையில் ஒரு ஒற்றைப் பனை, அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அந்த இரண்டையும் ஒரு கோட்டில் கொண்டுவந்தார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் துடுப்பால் தண்ணீரைத் தட்டி, "இங்கதான்" என்றார். வலை போட்ட இடத்தை மறுநாள் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். ட்ரோன் விழும்போது கரையில் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார், யாரும் சொல்லாமலே.

தேடுவதற்கு அவர் வீட்டிலிருந்து பையனை விட்டு எடுத்துவரச் சொன்னது பாதாளக் கரண்டி. கிணற்றில் வாளி விழுந்தால் போட்டு எடுப்போமே, வளையத்தைச் சுற்றிக் கொக்கி கொக்கியாகத் தொங்குமே, அதுதான். எங்கள் ஊரில் அதைக் கடைசியாக நான் பார்த்தது பள்ளிக்கூடம் படிக்கும்போது. கயிற்றில் கட்டி இறக்கி, மெதுவாக இழுத்து, தூக்கி, தள்ளிப் போட்டு, மறுபடி இழுத்து. முதலில் வந்தது கிழிந்த நைலான் வலை. அப்புறம் சீமைக் கருவேல வேர். ஒரு ரப்பர் செருப்பு, வலது கால். ஒரு தடவை கனமாக ஏதோ மாட்டியது, என் இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது, பார்த்தால் வலைத் துண்டில் சிக்கிய செங்கல், இந்தக் காலத்துச் செங்கலை விட மெல்லிசாக, அகலமாக. நான் கையை நீட்டுவதற்குள் அவர் அதைக் கழற்றித் தண்ணீரிலேயே போட்டுவிட்டார். "இது நிறையக் கெடக்கு தம்பி, ஊரே இருந்துச்சுல்ல" என்றார்.

அவரே இரண்டு மூன்று முறை மூழ்கியும் பார்த்தார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அடியில் தரை என்று ஒன்று இல்லை. கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் வண்டல், கை விட்டால் தோள் வரைக்கும். கிளறினால் தண்ணீர் கலங்கி முகத்துக்கு முன்னால் வைத்த கையே தெரியாது. அதில் 249 கிராம் பொருள் ஒன்று தலைகீழாகப் போய்ச் செருகிக்கொண்டால் யார் கண்டுபிடிப்பது. தொண்ணூறு வருஷமாகக் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. ட்ரோனைத் தேடிப் பிடிப்பதற்கென்று செயலியில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் அது பீப் பீப் என்று கத்தும், விளக்கு மின்னும். புல்வெளியில் விழுந்தால் அருமையான வசதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஓரிரு அடிகூடப் போகாது, நான் அமுக்கியது அதற்குக் கேட்டிருக்கவே முடியாது. அமுக்கினேன், அது வேறு விஷயம்.

வெயில் ஏறுகிற வரைக்கும் தேடினோம். பணம் கொடுத்தால் பொருள் கிடைக்காமல் எதற்கு என்று மறுத்தார், நான் விடவில்லை, கடைசியில் பாதியை வாங்கிக்கொண்டு மீதிக்கு எங்கள் இருவருக்கும் ஜிலேபி கெண்டைக் குழம்போடு சோறு போட்டுத்தான் அனுப்பினார். கிளம்பும்போது, "தண்ணி இன்னும் கொறையும். கொறைஞ்சா நடந்தே போய் எடுத்துரலாம், நான் கூப்புடுறேன்" என்று என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். அதுதான் என் தலையில் புகுந்த விஷம். அன்றிலிருந்துதான் அந்த வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜூன் முழுக்க நல்லபடியாகத்தான் போனது, எனக்கு நல்லபடியாக. நீர்மட்டம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்பா தினமும் சாயங்காலம் போனில் புலம்புவார், நாற்றங்கால் போடலாமா வேண்டாமா, போர்வெல் வைத்திருக்கிறவன் நட்டுவிட்டான், நாம் என்ன செய்வது என்று, நான் உம் கொட்டிக்கொண்டே இன்னும் எத்தனை அடி குறைந்தால் பள்ளத்தில் இறங்கலாம் என்று மனக்கணக்குப் போடுவேன். ஜூலையில் கர்நாடகத்தில் மழை பிடித்தது. கபினி நிரம்பியது, கிருஷ்ணராஜ சாகர் நிரம்பியது, ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை என்று செய்தி வர ஆரம்பித்தது. மேட்டூர் ஒரு நாளைக்கு அங்குலக் கணக்கில் ஏறுகிற அணை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஜூலையில் அடிக் கணக்கில் ஏறியது. ஒரு காலையில் பரிசல்காரர் போன் செய்தார். "நந்தி முங்கிருச்சு தம்பி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஜூலை 28-ம் தேதி டெல்டாவுக்குத் திறந்தார்கள், 30-ம் தேதி 120 அடி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் போகிறது. என் ட்ரோன் விழுந்தபோது இருந்ததைவிட 70 அடிக்கு மேல் தண்ணீர் அதன் தலையில். அன்றைக்கு அப்பா ஊரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

அவரிடம் ட்ரோன் போனதை நான் சொல்லியிருக்கவில்லை. தம்பி போட்டுக் கொடுத்துவிட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் சாவகாசமாகக் கேட்டார்: "ஏன்டா, உன் பொம்மையை எடுக்க மேட்டூர் வத்தணும்னு வேண்டிக்கிட்டு இருக்கியாமே?" நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ரசம் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார். "அப்படியெல்லாம் இல்லப்பா, வத்தினா எடுக்கலாம்னு..." என்று இழுத்தேன். "வத்தினா நான் உன் வீட்டுக்கு வந்து உக்காந்துக்கிறேன், சோறு போடு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, அதற்கப்புறம் தினமும் காலையில் அந்த நீர்மட்டச் செய்தியை எனக்குத் தனியாக வேறு அனுப்புகிறார், கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

அவருடைய வேண்டுதல்தான் பலித்துக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் கடைசியிலும் அணை 120 தொட்டது. 2025-ல் ஜூன் 12-ம் தேதி முறைப்படி திறந்தார்கள், ஜூன் 29-ம் தேதி மறுபடி 120. 2024 ஜூலையில் முங்கிய நந்தியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

சரி, ஒருவேளை கிடைத்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். ட்ரோனாக அது பிழைக்காது, எனக்குத் தெரியும். விழுந்த அரைமணிக்குள் எடுத்திருந்தால் வாய்ப்பு உண்டு: உடனே பேட்டரியைப் பிடுங்க வேண்டும், எக்காரணம் கொண்டும் ஆன் செய்து பார்க்கக் கூடாது, பிரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மின்சுற்றுப் பலகையைக் கழுவி, நாள் கணக்கில் காயவிட வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பது அரிசிக்குத்தான் கேடு. மோட்டார்கள் தாங்கிவிடும், அவற்றில் தண்ணீர் பட்டு வீணாக அதிகம் ஒன்றும் இல்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நனைகிற பலகையும் கேமராவும்தான் முதலில் போகும். கடல் தண்ணீர் என்றால் அந்த அரைமணி நேரமும் கிடையாது, உப்பு தின்றுவிடும். ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் கருணை உள்ளது, அதற்காக வருஷக்கணக்கில் இல்லை.

நான் எதிர்பார்ப்பது மெமரி கார்டை. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கிற அந்த அட்டைக்குள் சில்லு பிசினில் முழுக்க மூடித்தான் இருக்கிறது, பொன்னிறத் தகடுகளைத் துடைத்தால் பல மாதம் கழித்தும் படிக்கிற வாய்ப்பு நிஜமாகவே உண்டு. அதில்தான் அந்த ஊரின் கோடுகள் 4கே தரத்தில் இருக்கின்றன. கைபேசியில் செயலி தானாகச் சேமித்து வைத்த மங்கலான பிரதி ஒன்று மிஞ்சியிருக்கிறது, சிக்னலில் வந்த அளவுக்கு. அதில் பாதை தெரிகிறது, வட்டம் தெரிகிறது, ஆனால் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகிவிடுகிறது, அது சுவரா வரப்பா என்று சொல்ல முடியாது. கடைசிப் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பறவை படத்தில் விழவே இல்லை, அது பின்னாலிருந்து வந்தது. ஆனால் அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், வெடித்த வண்டல் மேல் இறக்கை விரித்த ஒரு நிழல் இடமிருந்து வலமாக ஓடிப் பள்ளத்து விளிம்பில் மறைகிறது. அடுத்து வானம், தண்ணீர், வானம், தண்ணீர்.

புதிதாக ஒன்று வாங்கலாமே என்றால், 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது. உதிரிபாகம் வரலாம், முழு ட்ரோன் வரக்கூடாது. கடைகளில் கிடைக்காமல் இல்லை, ஆனால் பில் கேட்டால் சிரிப்பார்கள், விலை கேட்டால் நாம் அழ வேண்டும். சிலர் தண்ணீரில் மிதக்கிற மாதிரி நுரைக் குழாய் கட்டிய கால்கள் விற்கிறார்கள், கட்டினால் எடை 250-ஐத் தாண்டும், நானோ மைக்ரோ ஆகிவிடும், விதிகள் மாறும். செம்பருந்துக்கு எதிராக இதுவரை யாரும் எதுவும் விற்கவில்லை.

போன வாரம் அப்பா போன் செய்தார். குறுவைக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லையாம், ட்ரோன் வைத்து அடித்துக் கொடுக்கிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறாராம். "நீதான் ஓட்டுவியே, நீயே வந்து அடிச்சுட்டுப் போயேன்" என்றார். அது பத்து லிட்டர் தொட்டி தூக்குகிற பெரிய ஆசாமி, அதற்குச் சான்றிதழ் வேண்டும், நான் ஓட்டியது அதன் விரலளவுகூட இல்லை என்று விளக்கினேன். "சரி சரி. அங்கயும் கருடன் வரும், ஓட்டுற பையன்கிட்ட சொல்லி வெக்கிறேன்" என்றார். வயலில் வேலை முடிந்ததும் எனக்கு வீடியோ அனுப்பினார். நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறான் அந்தப் பையன், வரப்பு ஓரம்கூட விடாமல்.

இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது ரிமோட், இரண்டு உதிரி பேட்டரி, விசிறி இறக்கை ஒரு பாக்கெட், பை. அதே மாடல் வைத்திருக்கிற இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள். இறக்கைகளைச் சும்மாவே தருகிறேன், சேலத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். பேட்டரிகளைப் பாதி சார்ஜில்தான் வைத்திருக்கிறேன், உப்பவில்லை, நியாயமான விலைக்குத் தரலாம். ரிமோட் மட்டும் இப்போதைக்கு விற்பதாக இல்லை, கேட்க வேண்டாம்.